தேக்குமரத்துச் சனி

கிருகஸ்தன் ஒருவன் தொட்டில் வேண்டுமென்றோ பெஞ்சு வேண்டுமென்றோ தச்சரைக் கூப்பிட்டனுப்பினால் லோகம் அதை ஆட்சேபணையின்றி ஏற்றுக்கொள்கிறது. சூரிய மண்டலம் ஒன்று வேண்டும், அதுவும் கைப்பிடியைச் சுற்றினால் கிரகங்களெல்லாம் தத்தம் கதியில் சுழல வேண்டும், என்று கூப்பிட்டனுப்பினால் மட்டும் அவனுக்கு என்ன தசை நடக்கிறதென்று விசாரிக்கத் தொடங்கிவிடுகிறது.

எனக்கு இந்த ஆசையை உண்டாக்கியவர் ஒரு டச்சுக்காரர். ஹாலந்து தேசத்து ஃபிரீஸ்லாந்துப் பிரதேசத்தில், ஃபிரானெக்கர் என்ற சிற்றூரில், கம்பளி மயிரைச் சிக்கெடுத்துச் சீவுவதையே ஜீவனோபாயமாகக் கொண்டிருந்த ஐசே ஐசிங்கா, 1774 முதல் 1781 வரை பாடுபட்டு, தம் வீட்டுக் கூடத்தின் மச்சிலேயே ஒரு சூரிய மண்டலத்தைப் பூட்டி ஓடவிட்டார். 1774 மே 8-ஆம் தேதி புதன், சுக்கிரன், செவ்வாய், குரு, சந்திரன் ஆகிய ஐந்தும் மேஷத்தில் கூடப்போவதால் பூமிக்கு நாசம் வரும் என்று ஒரு பாதிரியார் பிரசுரம் எழுதி ஜனங்களைக் கலக்கியிருந்தார். அப்படிக் கலங்கியவர்களுக்குக் கிரகங்களின் நடப்பை நேரில் காட்டிவிடுவதென்பது ஐசிங்காவின் சங்கற்பம். 1962 பிப்ரவரியில் எட்டுக் கிரகங்கள் மகரத்தில் கூடியபோது ஊரூராக யாகம் வளர்த்த தேசத்தில் பிறந்துவிட்டு, இதைக் கேட்டு நாம் சிரிப்பது நியாயமாகாது. மரத்தால் செய்த சக்கரங்களில் பற்களுக்குப் பதிலாகக் கையாலடித்த ஆணிகளை, ஏறத்தாழ 10,000 ஆணிகளை, அவர் பதித்திருந்தார் என்பதையும், அத்தனையையும் ஓட்டுகிற கடிகாரத்தின் ஊசல் தம்பதிகள் படுக்கும் பெட்டிக் கட்டிலுக்கு மேலேயே ஆடியது என்பதையும் நான் உணர்ச்சி மேலிடச் சொல்லி முடித்தபோது, என் சகதர்மிணி, அந்த அம்மாளுக்குத் தூக்கம் வந்ததா என்று மட்டும் கேட்டாள்.

அளவுப்பிரமாணம் என்கிற விஷயத்தைத் தொடக்கத்திலேயே கைவிட வேண்டியிருந்தது. பதினான்கு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள தேங்காயைச் சூரியனாக வைத்தால், பூமி ஒரு கடுகு. அந்தக் கடுகு பதினைந்து மீட்டர் தள்ளித் திண்ணையைத் தாண்டி விழும். சனி பகவான் 140 மீட்டருக்கு அப்பால் அடுத்த தெருவில் எழுந்தருளுவார். ஆகையால் தூரத்தில் பொய்யும் காலத்தில் மெய்யும் பேசுவதென்று தீர்மானித்தேன். மேசைமேல் வைக்கிற சூரிய மண்டலங்கள் எல்லாமே அப்படித்தான் பேசுகின்றன.

எங்களூர் ஆசாரியார் வண்டிச் சக்கரம் செய்வதில் பேர்பெற்றவர். குரு ஒரு சுற்றுச் சுற்ற 11.86 வருஷமும் சனி சுற்ற 29.46 வருஷமும் ஆகும் என்று காகிதங்களை விரித்து நான் விளக்கத் தொடங்கியதும், அவர் விரலை மடக்கினார்.

“குரு ராசிக்கு ஒரு வருஷம், பன்னிரண்டு ராசிக்குப் பன்னிரண்டு. சனி ராசிக்கு இரண்டரை, ஆக முப்பது. இதற்கு எதற்குங்க இவ்வளவு காகிதம்?”

பின்னத்தைத் தள்ளிவிட்டால் அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் இத்தகைய யந்திரத்தின் உயிர்நிலை அந்தப் பின்னத்தில்தான் இருக்கிறது. 1680-களில் ஹைகன்ஸ் என்ற டச்சு மேதை, தம் கிரக யந்திரத்துக்காகத் தொடர்பின்னம் என்னும் கணிதத்தையே கையாண்டு, சனிக்கு 206 பல்லுக்கு 7 பல் என்று கண்டுபிடித்துக் கொடுத்தார். 206 பல் வெட்டச் சொல்ல எனக்குத் துணிவில்லாததால், சனிக்கு 59-க்கு 2 என்றும் குருவுக்கு 83-க்கு 7 என்றும் கொஞ்சம் இறங்கிவந்தேன். சுக்கிரனிடம் யாருக்கும் சிரமமில்லை. பூமி எட்டுச் சுற்று முடிப்பதற்குள் அது பதின்மூன்று சுற்று முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறது. தகராறெல்லாம் 59, 83 என்கிற வகுபடாத எண்களால் வந்தது. கவராயத்தால் வட்டத்தைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கி வருகிற பழக்கமுள்ள கை, இந்த எண்களுக்கு முன்னால் திகைத்து நின்றது. “அறுபதாகப் போட்டால் சனி பகவான் கோபித்துக்கொள்வாரா?” என்று ஆசாரியார் கேட்டார். கோபித்துக்கொள்ள மாட்டார், வருஷாவருஷம் கொஞ்சங்கொஞ்சமாகத் தாமதமாக வருவார் என்றேன். “அவர் தாமதமாக வந்தால் யாருக்குங்க நஷ்டம்?” என்றார்.

மரம் ஈரத்தில் இழையின் நீளவாக்கில் அநேகமாக அசைவதில்லை. குறுக்குவாக்கில்தான் உப்பும், காய்ந்தால் அந்த வாக்கில்தான் சுருங்கும். ஐப்பசி அடைமழையில் புதனும் சுக்கிரனும் ஒன்றையொன்று கௌவிக்கொண்டு அசைய மறுத்தன. சித்திரை வெயிலிலோ, ஒரே பலகையில் வெட்டிய சக்கரங்களெல்லாம் வட்டமாயிருந்த நிலைமாறி நீள்வட்டமாகிவிட்டன. கிரகத்தின் பாதை நீள்வட்டமே என்று 1609-ஆம் வருஷத்திலேயே கெப்ளர் என்கிற மகான் எழுதிவைத்திருக்கிறார் என்று நான் ஆறுதல் கூறினேன். “அந்த ஐயாவும் காயாத மரத்தில்தான் செய்து பார்த்திருப்பார்” என்று சொல்லிவிட்டு, ஆசாரியார், வண்டிக்கு வட்டை சேர்க்கிற முறையில் துண்டு துண்டாக இழை சுற்றிவரும்படி இணைத்துப் புதுச் சக்கரங்கள் செய்துகொடுத்தார். அவை மழைக்கும் அசையவில்லை, வெயிலுக்கும் அசையவில்லை.

எல்லாம் பூட்டியான பிறகு அவர் ஒரு தடவை சுற்றிவந்து பார்த்து, “ராகு கேது எங்கே?” என்றார். கேள்வியில் அர்த்தமிருந்தது. சந்திரனுடைய பாதையும் சூரியனுடைய பாதையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கிற இரண்டு ஸ்தானங்கள்தாம் அவை, கிரகணங்கள் அவற்றின் அருகில்தான் நிகழ்கின்றன, 18.6 வருஷத்துக்கு ஒரு சுற்றாகப் பின்னோக்கி நகர்கின்றன. ஐசிங்காவின் மச்சில்கூட அவற்றுக்கென்று முகப்புகள் உண்டு. கதியைத் திருப்ப நடுவில் ஒரு சக்கரத்தைச் செருகினோம். ராகு அப்பிரதட்சிணமாகப் புறப்பட்டார். யுரேனஸை மட்டும் ஆசாரியார் அனுமதிக்கவில்லை. ஐசிங்கா வேலையை முடித்த அதே 1781-இல் ஹெர்ஷல் அதைக் கண்டுபிடித்தார், ஃபிரானெக்கர் கூடத்தில் அதற்கு இடம் போதாது. எங்கள் மேசையில் இடம் இருந்தது. “பஞ்சாங்கத்தில் பெயர்ச்சி போடாத கிரகத்துக்குப் பல் வெட்ட முடியாதுங்க” என்று அவர் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு வருஷம். இந்தச் செய்தி பரவியதும், ஏழரைச் சனி அப்போதுதான் தொடங்கியிருந்த என் மைத்துனர் வந்துசேர்ந்து, காப்பியைக்கூடத் தொடாமல் ஏழரைச் சுற்றுச் சுற்றினார். பிறகு இன்னும் ஓர் அரைச் சுற்றும் சுற்றினார். உபரி எதற்கென்று கேட்டேன்.

“வக்கிரத்தில் திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது, மாப்பிள்ளை?”

வக்கிரம் என்பது ஓடுகிற பூமியிலிருந்து பார்ப்பவனுக்குத் தோன்றும் தோற்றமே அன்றி வேறல்ல, சூரியனை நடுவில் நிறுத்திப் பார்த்தால் எந்தக் கிரகமும் பின்வாங்குவதில்லை, ஆகவே இந்த யந்திரத்தில் வக்கிரத்துக்கு இடமே கிடையாது என்று நான் விஸ்தாரமாக எடுத்துரைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“நீங்கள் சூரியனில் நின்று பாருங்கள், மாப்பிள்ளை, நான் குடியிருப்பது பூமியில்” என்று சொல்லிவிட்டு, மறுபடியும் ஒரு சுற்றுச் சுற்றினார்.