பழைய லேப்டாப்புக்குப் புது பேட்டரி: ஏமாற விரும்புவோருக்கு எளிய கையேடு

உங்கள் லேப்டாப் வாங்கிப் பத்து வருடம் ஆகிறது. வேலை எல்லாம் ஒழுங்காகத்தான் செய்கிறது. சார்ஜரைக் கழற்றினால் மட்டும் உடனே அணைந்துவிடுகிறது. பேட்டரி கேட்டுப் போனால், "அந்த மாடலை நிறுத்தியாச்சு சார்" என்று சர்வீஸ் சென்டரில் கைவிரிக்கிறார்கள். கவலை வேண்டாம். கம்பெனி நிறுத்தினாலும் இணையத்தில் விற்பனை நிற்பதில்லை. 'நூறு சதவீதம் ஒரிஜினல், புத்தம் புதுசு' என்று வரிசை கட்டி நிற்கும். கீழ்க்கண்ட படிகளைப் பிசகாமல் பின்பற்றுங்கள். பணம் போவதற்கு நான் பொறுப்பு.

படி 1: எங்கிருந்து வந்தது என்று யோசிக்காதீர்கள். கம்பெனி எப்போதோ தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆனால் சரக்கு புதுசு. இதற்கு இரண்டே விளக்கம்தான். ஒன்று, உண்மையான ஒரிஜினல் பல வருடமாகக் குடோனில் கிடந்திருக்க வேண்டும். லித்தியம் அயான் பேட்டரி பயன்படுத்தாமல் வைத்தாலும் மூப்படையும். வெயில் காய்ந்த குடோனில் இன்னும் வேகமாக. அடியோடு சார்ஜ் வற்றிக் கிடந்திருந்தால், உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று மறுபடி சார்ஜ் ஏறவே விடாமல் போகலாம். இன்னொன்று, வேறு யாரோ போன மாதம் செய்து பெயரை ஒட்டியிருக்க வேண்டும். 'ஒரிஜினல் இல்லை, கம்பாட்டிபிள்தான்; ஆறு மாத வாரண்டி' என்று எழுதியிருக்கும் கடையை உடனே தாண்டிப் போங்கள். உண்மை பேசுகிறவரிடம் ஏமாறுவது சிரமம்.

படி 2: இருப்பதிலேயே பெரிய எண்ணைத் தேர்ந்தெடுங்கள். அதே 6 செல் பேட்டரி ஒரு கடையில் 4,400 மில்லி ஆம்பியர்-மணி, பக்கத்துக் கடையில் 9,000. விலையும் குறைவு. கணக்குப் போட்டுப் பார்த்துவிடாதீர்கள். 11.1 வோல்ட் பேட்டரியில் ஆறு செல்களும் இரண்டிரண்டாகச் சேர்ந்து மூன்று ஜோடிகளாக நிற்கும். ஆக மொத்தக் கொள்ளளவு இரண்டு செல்லின் கொள்ளளவுதான். இந்த உருளை செல்களில் நல்ல ரகமே ஏறக்குறைய 3,500 தாங்கும். இரண்டு சேர்ந்தால் 7,000. மீதி 2,000 ஸ்டிக்கரில் மட்டும் இருக்கிறது.

படி 3: லேப்டாப்பின் பெயரை மட்டும் தட்டித் தேடுங்கள். பழைய பேட்டரியைக் கழற்றி, அதன் முதுகில் உள்ள பார்ட் நம்பரையும் வோல்ட்டையும் பார்ப்பதெல்லாம் வேலையற்றவர்கள் செய்வது. ஒரே பெயரில் வந்த லேப்டாப்களுக்குள்ளேயே வேறு வேறு பேட்டரி இருக்கலாம். வந்தது பொருந்தாவிட்டால் என்ன, மேசைமேல் வைத்து அழகு பார்க்கலாம்.

படி 4: கையோடு சார்ஜரும் வாங்குங்கள். பின் உள்ளே போனால் போதும். பல டெல் லேப்டாப்களின் உருண்டை முனைக்குள் மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். 'நான் இத்தனை வாட் சார்ஜர்' என்று லேப்டாப்புக்குச் சொல்வது அதுதான். மலிவுச் சார்ஜரில் அந்த ஊசி ஊமை. அப்போது லேப்டாப் ஓடும், ஆனால் மெதுவாக. பேட்டரியில் சார்ஜ் ஏறாது. நீங்கள் புது பேட்டரியைத் திட்டலாம். சார்ஜர், பேட்டரி இரண்டிலும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'ஆர்' எனத் தொடங்கும் பதிவெண் இருக்க வேண்டும், அதை 'பிஐஎஸ் கேர்' செயலியில் சரிபார்க்கலாம் என்பதை யாரிடமும் சொல்லாதீர்கள்.

படி 5: சென்னையில் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருப் பக்கம் போகாதீர்கள். அங்கே லேப்டாப்பைக் கொண்டுபோனால், கண்ணெதிரில் பேட்டரியை மாட்டி, சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுக்கும் ஆபத்து இருக்கிறது.

படி 6: பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்காதீர்கள். தயாரித்த மாதமும் வருடமும் அச்சிட்ட இடத்தில் ஒரு ஸ்டிக்கர், அதன்மேல் இன்னொரு ஸ்டிக்கர் இருந்தால் நகத்தால் சுரண்டாதீர்கள். திருப்பி அனுப்பும் கெடு முடியும் வரை பெட்டியைப் பரணில் வைத்திருப்பது உத்தமம். பேட்டரி உப்பி, டச்பேட் மேலெழும்பினால் மட்டும் இந்தக் கையேட்டை மூடிவிட்டு, லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கடைக்காரரிடம் கொண்டுபோங்கள். தீப்பிடிப்பது கேலிக்குரிய விஷயமில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் அப்போது பயன்படும்.

படி 7: பார்சல் வந்த அன்றே ஐந்து நட்சத்திரம் கொடுங்கள். மாட்டிப் பார்க்க வேண்டாம். 'பேக்கிங் சூப்பர், ரெண்டே நாளில் வந்துவிட்டது' என்று எழுதினால் போதும். நீங்களும் அப்படி நாலு பேர் எழுதியதை நம்பித்தானே வாங்கினீர்கள்? அடுத்தவருக்கு நம்பிக்கை தர ஆள் வேண்டாமா?