எதிர்ப்பக்கம் சுற்றிய முள்

திருநின்றவூர் ஸ்டேஷன் பக்கம், சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி ஒரு வாட்ச் கடை இருந்தது. கடை என்றால் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு ஸ்டூல், ஒரு மேசை விளக்கு, அவ்வளவுதான். அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா வருஷத்துக்கு ஒருமுறை அங்கே பெட்ரோலில் குளித்துவிட்டு வரும். தினமும் சாவி கொடுக்க வேண்டிய, 17 ஜுவல் வாட்ச் அது. ஆவடிக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிற அப்பாவுக்கு அது 2 நிமிஷம் பின்தங்கினால் போதும், ரயில் போய்விடும்.

பழுது பார்ப்பவர் என்றுதான் வாட்ச்கார அண்ணனை ஊரே நினைத்தது, நானும் அப்படித்தான். அந்த சலூன் கடிகாரத்துக்குப் பிறகு என்னால் அப்படி நினைக்க முடியவில்லை.

பக்கத்து சலூன்காரர் ஒருநாள் வந்து புலம்பினார். கடிகாரம் பின்சுவரில் மாட்டியிருக்கிறது, நாற்காலியோ கண்ணாடியைப் பார்த்தபடி. “சவரம் பண்றப்போ மணி பாக்குறேன்னு தலையைத் திருப்புறாங்கண்ணே. கத்தி பட்டுடும்போல இருக்கு.”

“தலையை எதுக்குத் திருப்பணும்? கடிகாரத்தைத் திருப்பிடலாம்.”

பேட்டரியில் ஓடும் சுவர்க் கடிகாரம். பின்பக்கத்துப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு காயில், மெல்லிய இரும்புத் தகடு, அதன் ஓட்டையில் சுழலும் குட்டிக் காந்தம். காந்தம் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதை அந்த ஓட்டையின் லேசான கோணல்தான் தீர்மானிக்கிறது. தகட்டைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டார். முள் எதிர்ப்பக்கம் நடக்க ஆரம்பித்தது. பிறகு டயலில் எண்களைக் கண்ணாடி எழுத்தாக, தன் கையாலேயே எழுதினார். காகிதத்தில் கோடு ஒன்றுகூடப் போட்டுப் பார்க்கவில்லை. பூசலார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய ஊரல்லவா இது!

கடிகாரத்தோடு இப்படி விளையாடுகிறவர்கள் வேறு இடங்களிலும் உண்டு. 1969இல் ஜெனீவாவில் ஸ்வெண்ட் ஆண்டர்சன் என்ற கடிகாரக் கலைஞர் பாட்டிலுக்குள் ஒரு கடிகாரத்தைப் பொருத்திக் காட்டினார். 1985இல் வின்சென்ட் கலப்ரேசேயுடன் சேர்ந்து, தனித்து இயங்கும் கடிகாரக் கலைஞர்களுக்காக ஓர் அமைப்பையே தொடங்கினார். நம் நாட்டில் ஜெய்ப்பூர் வாட்ச் கம்பெனி பிரிட்டிஷ் காலத்து நாணயங்களை டயலாக வைக்கிறது. இவற்றையெல்லாம் இன்று வாசிக்கும்போது அண்ணனின் வலது கண்ணில் செருகியிருந்த லென்ஸ்தான் நினைவுக்கு வருகிறது. அதே விளையாட்டுப் புத்தி, அதே பொறுமை. அவரைக் கலைஞர் என்று ஒருவரும் அழைக்கவில்லையே என்ற வருத்தம் எனக்குத் தீரவில்லை.

எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட 2016இல் அரசு ஒப்புதல் கொடுத்தது. அதற்குப் பிறகு ஜனதாவைத் தேடித்தேடி வாங்கிச் சேர்க்கிறார்கள். அண்ணனின் இடத்தில் இப்போது செல்போன் கவர்கள் தொங்குகின்றன. ரயிலைப் பிடிக்க யாரும் மணிக்கட்டைப் பார்ப்பதில்லை.

சலூனை இடித்துக் கட்டியபோது அந்தக் கடிகாரத்தைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். நிலைக்கண்ணாடிக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். எண்களில் பெயின்ட் உதிர்ந்துவிட்டது, 7 மட்டும் அவர் எழுதியபடியே பளிச்சென்று இருக்கிறது. காலையில் தலை சீவும்போது சரியான மணி காட்டுகிறது.