டை கட்டிக்கோ, பேராண்டி

வாடா பேராண்டி, இப்படி உக்காரு. காலேஜுல எவனாவது ஊரு, சனம்னு கேட்டா ‘செங்கல்பட்டுப் பக்கம்’னு சொல்லி வாய மூடிக்கிறியாமே? நல்லதுதான். அதுக்கு மேல சொன்னா பக்கத்துல இருக்கிறவன் உன் பையில பாம்பு கீம்பு இருக்குதான்னு எட்டிப் பாப்பான்.

உன்னக் குத்தம் சொல்லல. நம்ம இருளனத் திருத்தி மனுசனாக்குறேன்னு கிளம்பினவங்க கொஞ்சமா? காட்டுல கிழங்கு தோண்டாதேன்னாங்க, வெளிய வந்தோம். வந்தவன் கையில முன்பணத்த வெச்சு அரிசி மில்லுக்குள்ள தள்ளினாங்க. குடும்பத்தோட போனவன் வெளிய வர வருசக்கணக்காச்சி. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லயே வந்துடுச்சாம். மில்லு வாசல்ல அத யாரும் நமக்குப் படிச்சுக் காட்டல, பாவம், மறந்துட்டாங்க போல.

பாம்புக் கதைய கேளு. அப்பல்லாம் தோலுக்குத்தான் பிடிச்சோம். 1972ல வனவிலங்குச் சட்டம் வந்துச்சி, அப்புறம் தோல் ஏத்துமதியும் நின்னுச்சி. தோல வாங்கி வித்தவன் வேற யாவாரம் பாத்துக்கினான். பிடிச்சவன் வயித்துல ஈரத்துணி. 1978ல பாம்பு ஆராய்ச்சிக்காரரு ரோமுலஸ் விட்டேக்கர் முன்ன நின்னு நம்ம ஆளுங்களுக்குக் கூட்டுறவுச் சங்கம் வெச்சாரு. அங்க, வடநெம்மேலியில, நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் மண்பானையில வெச்சு, விசத்த எடுத்துக்கினு, திரும்பக் காட்டுலயே விட்டுடுவாங்க. அந்த விசத்தக் குதிரைக்குக் கொஞ்சங் கொஞ்சமா ஏத்தித்தான் கடி மருந்து செய்யிறாங்க. நம்மளக் கண்டா மூக்கப் பிடிக்கிற பெரிய மனுசன வரப்புல விரியன் போட்டுச்சின்னு வெச்சிக்க, ஆசுபத்திரியில அவன் நரம்புல ஏறுறது இன்னா? நம்ம ஆளு பிடிச்ச பாம்போட புண்ணியம். தீட்டு கீட்டுன்னு அப்ப ஒரு வார்த்த பேசுவானா கேளு.

இன்னொண்ணு. அமெரிக்காவுல, ஃபுளோரிடாவுல, பர்மா மலைப்பாம்பு பெருகிப் போச்சி. படிச்சவனுக்கு அங்க பஞ்சமா? ஆனாலும் 2017ல நம்ம ஆளுங்க மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் ஏரோப்ளேன் ஏத்திக் கூட்டிக்கினு போனாங்க. ரெண்டு வாரம் ஆகுறதுக்குள்ள 13 மலைப்பாம்பு. அதுல ஒண்ணு 16 அடி! 2023ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ. எந்தக் காலேஜுல அதுக்குப் படிச்சாங்கன்னு உன் வாத்தியாரையே கேளு.

சாதிச் சான்று வாங்கப் போவியே, அதுக்கும் ஒரு புத்தி சொல்றேன். கந்தலோட போனா ‘உங்கப்பன் சான்று எங்க’ம்பான். இஸ்திரிச் சட்டையோட போனா ‘உன்னப் பாத்தா இருளன் மாதிரியே இல்லியே’ம்பான். மாறு மாறுன்னு தொரத்துறதும் அவந்தான், மாறினா நம்ப மாட்டேங்கிறதும் அவந்தான். அதனால இஸ்திரிச் சட்டையே போடு, ஒரே ஒரு பட்டனப் பிச்சி விட்டுடு. ரெண்டு பேருக்கும் நிம்மதி.

டையும் கட்டிக்கோ, இங்கிலீசும் பேசு, யாரு வேணாங்கிறா? லீவுக்கு வந்தா மட்டும் கடப்பாரைய எடுத்துக்கினு எங்கூட வரப்புக்கு வா. எந்த வளையில எலி இருக்குது, எதுல பாம்பு இருக்குதுன்னு வாசல் மண்ணப் பாத்துச் சொல்லணும். செல்போன்ல தேடக் கூடாது.

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் வந்துடு. மணல்ல நம்ம சாமி கன்னியம்மாவுக்குக் கோயில் கட்டணும், கல்யாணமும் இருக்குது. உன் சிநேகிதனையும் கூட்டிக்கினு வா. அன்னிக்கு அவன் வூட்ல பாம்பு வந்தா எங்களக் கூப்பிட வேணாம்னு மட்டும் சொல்லி வை, நாங்கல்லாம் லீவு.