வழுக்கை என்னும் இளமை

தலைமுடி கொட்டத் தொடங்கியவனுக்கு ஊரில் எல்லோருமே மருத்துவர்கள்தாம். சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய் என்பார் ஒருவர். கரிசலாங்கண்ணித் தைலம் காய்ச்சு என்பார் இன்னொருவர். மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்று பழநிக்கு வழி சொல்வார் மூன்றாமவர். எல்லாவற்றையும் செய்து முடித்த எனக்குக் கடைசியில் நிம்மதி தந்தது ஆங்கில அகராதிதான். அதைத் தலையில் தேய்க்க வேண்டியதில்லை. வெங்காய வாடையும் கிடையாது.

ஆங்கிலத்தில் 'கேலோ' என்றொரு சொல் இருக்கிறது. உலகம் தெரியாத, அனுபவம் போதாத விடலைப் பையனைக் கொஞ்சம் இளக்காரத்தோடு குறிக்கும் சொல். 'முளைச்சு மூணு இலை விடல, அதுக்குள்ள பேச்சைப் பாரு' என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அந்த ஆசாமிதான். இந்தச் சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் வடிவம் 'கலு'. பொருள் என்ன தெரியுமா? வழுக்கை! ஜெர்மானியர்கள் இன்றும் முடியில்லாத தலையைக் 'கால்' என்கிறார்கள். நமக்குக் காலாக இருப்பது அவர்களுக்குத் தலை விவகாரம்.

வழுக்கைக்கும் விடலைக்கும் முடிச்சுப் போட்டது பறவைக் குஞ்சு. முட்டையை உடைத்துக்கொண்டு வந்த பல குஞ்சுகளின் உடம்பில் இறகு இருக்காது. அந்த மொட்டைக் குஞ்சுகளையும் வெள்ளைக்காரர்கள் 'கேலோ' என்றார்கள். கூட்டைவிட்டு நகரத் தெரியாமல், வாயைப் பிளந்துகொண்டு அம்மாவின் வரவுக்குக் காத்திருக்கும் ஜீவன் அது. அதே நிலையில் வீட்டில் கிடந்த பையன்களைப் பார்த்ததும் பெயர் அவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. நாளடைவில் சொல்லிலிருந்து வழுக்கை கொட்டிப்போய், இளமை மட்டும் நின்றுவிட்டது. எனக்கு நடந்தது நேர்மாறு.

உற்றுப் பார்த்தால், அந்த மொழிக்காரர்கள் இளமையை வருஷக் கணக்கில் அளக்கவில்லை. இன்னும் எது முளைக்கவில்லை, எது வரவில்லை என்றுதான் பார்த்திருக்கிறார்கள். 'இன்ஃபன்ட்' என்பதன் லத்தீன் மூலத்துக்குப் பேச்சு வராதது என்று பொருள். 'அடலசன்ட்' என்றால் வளர்ந்துகொண்டிருப்பவர். 'அடல்ட்' என்றால் வளர்ந்து முடித்தவர். இரண்டும் ஒரே லத்தீன் வினைச்சொல்லின் பிள்ளைகள். வளர்ந்து முடித்த பிறகும் ஒன்று வளரும் என்பதை லத்தீன்காரர்கள் கவனிக்கவில்லை போலும். என் சட்டைப் பொத்தான்கள் கவனித்திருக்கின்றன.

வயதை எண்ணிக்கையில் அளப்பது அரசாங்கங்களின் வேலை. பழைய ரோமில் 17 வயது முதல் 45 வரை படைக்கணக்கில் 'யூனியோரெஸ்', அதாவது இளையோர். 46 ஆனால் மூத்தோர். நம் அலுவலகத்து 'ஜூனியர்' அந்தச் சொல்லின் வாரிசுதான். வடமொழியிலிருந்து நாம் வாங்கிய யுவனும் யுவதியும் அதற்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

ரோமானியர்களின் தாராளம் இப்போது யாருக்கும் இல்லை. ஐ.நா. சபையின் புள்ளிவிவரக் கணக்கில் இளைஞர் என்றால் 15 முதல் 24 வரைதான். நம் மத்திய அரசின் 2003ஆம் ஆண்டு இளைஞர் கொள்கை 13 முதல் 35 வயது வரை இளைஞர் என்றது. 2014இல் வந்த புதிய கொள்கை அதை 15 முதல் 29 என்று சுருக்கிவிட்டது. 32 வயதுக்காரர் ஒருவர் இளைஞராகத் தூங்கப்போய், நடுவயதுக்காரராக எழுந்திருப்பார். முடி கொட்டுவதற்காவது சீப்பு முன்கூட்டியே தகவல் சொல்லும். இதற்கு அதுவும் இல்லை.

எந்தக் கணக்கிலும் இடம் கிடைக்காத எனக்குக் 'கேலோ' ஒன்றுதான் கதி. அகராதியை விரித்தபடி மனைவியிடம் போனேன்.

"இங்க பாரு, வழுக்கைன்னா விவரம் தெரியாத சின்னப் பையன்னு அர்த்தமாம்."

அவள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. "விவரம் தெரியாதுங்கறது கல்யாணமான மறுவாரமே எனக்குத் தெரியும். இதுக்குப் போய் அகராதியைப் புரட்டணுமா?"

அரைப் பங்கு வழக்கு எனக்குச் சாதகமாகத் தீர்ந்ததாக எடுத்துக்கொண்டேன்.

மீதி அரைப் பங்குக்கு ஆங்கிலேயனிடம் போக வேண்டியதில்லை. தெருமுனை இளநீர்க் கடைக்காரரே போதும். "தண்ணியா வேணுமா, வழுக்கையா வேணுமா?" என்றுதான் அவர் கேட்பார். முற்றாத தேங்காயின் இளம் பருப்புக்கு நாம் வைத்திருக்கும் பெயரும் வழுக்கைதான். முற்றிவிட்டால் அது வழுக்கை இல்லை. வெறும் தேங்காய், சட்னிக்குப் போய்விடும். ஆக, இரண்டு மொழிகள் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளாமலே வழுக்கையையும் இளமையையும் ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கின்றன. இதற்கு மேலும் சாட்சி கேட்பவர்கள் தலைநிறைய முடி வைத்திருக்கும் பொறாமைக்காரர்கள்.

எனவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேருந்தில் வழுக்கைத் தலையைக் கண்டால் "பெரியவரே, உட்காருங்க" என்று எழுந்து நிற்கிறீர்கள் அல்லவா? அந்தப் 'பெரியவரே'யை மட்டும் விட்டுவிடுங்கள். இடத்தைக் கொடுத்துவிடுங்கள், அதை மறுக்கிற அளவுக்கு நாங்கள் இளைஞர்கள் அல்ல.