நல்ல காற்றோட்டமான இடம்

நியூயார்க்கில் கூட்டம் வராமல் ஈயோட்டிக்கொண்டிருந்த ஜயண்ட்ஸ் பேஸ்பால் அணியை மூட்டை கட்டிக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோவது என்று அதன் முதலாளி ஹொரேஸ் ஸ்டோன்ஹாம் 1957-ல் முடிவு செய்தார். மாப்பிள்ளை வீட்டார் மாதிரி அவருக்கும் சில எதிர்பார்ப்புகள் இருந்தன. முக்கியமானது பார்க்கிங். ஆயிரக்கணக்கில் கார் நிறுத்த இடம் வேண்டும். சான் பிரான்சிஸ்கோ மேயர் ஜார்ஜ் கிறிஸ்டோபர் பெண் வீட்டார் ஸ்தானத்தில் நின்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஊருக்குள் ஏற்கெனவே சீல்ஸ் ஸ்டேடியம் என்று ஒன்று இருந்தது. சின்னதுதான். ஆனால் மிஷன் வட்டாரத்தில், அந்த ஊரிலேயே கொஞ்சம் வெயில் உறைக்கிற பகுதியில் இருந்தது. 1958, 1959 இரண்டு சீசனும் ஜயண்ட்ஸ் அங்கேதான் ஆடினார்கள். ரசிகர்கள் வெறும் சட்டையோடு வந்து ஆட்டம் பார்த்துவிட்டு, வெறும் சட்டையோடு வீடு திரும்பினார்கள். எல்லாம் சரியாக இருந்ததால் அதை இடித்துவிட்டார்கள்.

புது மைதானத்துக்குப் பிடித்த இடம் கேண்டில்ஸ்டிக் முனை. ஊரின் தென்கிழக்கு மூலையில், வளைகுடாத் தண்ணீருக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் நிலம். அதில் பெரும்பகுதிக்குச் சொந்தக்காரர் சார்லஸ் ஹார்னி. ஸ்டேடியம் கட்டும் காண்ட்ராக்ட் எடுத்தவரும் அதே சார்லஸ் ஹார்னி. கிராண்ட் ஜூரி விசாரணையெல்லாம் நடந்தது. நம்மூர் வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. பக்கத்திலிருந்த பேவியூ குன்றைச் சீவி, அந்த மண்ணைத் தண்ணீரில் கொட்டி மேடாக்கினார்கள். ஸ்டோன்ஹாம் கேட்ட பார்க்கிங் கிடைத்துவிட்டது. கேட்காத ஒன்றும் கூடவே வந்தது.

காற்று. கோடைக்காலத்தில் கலிபோர்னியாவின் உள்நாட்டுப் பள்ளத்தாக்கு வெயிலில் கொதித்து, அங்குள்ள காற்று மேலே கிளம்பிவிடும். அந்தக் காலியிடத்தை நிரப்பப் பசிபிக் கடலின் குளிர்காற்று மலை இடுக்குகளில் புகுந்து ஓடிவரும். வழியில் பேவியூ குன்றில் முட்டி, இரண்டாகப் பிரிந்து, நேராக மைதானத்துக்குள் இறங்கிச் சுழலும். காலையில் சாதுவாக இருக்கும். மதியத்துக்கு மேல்தான் ஆட்டம். ஸ்டோன்ஹாமைக் காலை நேரத்தில் அழைத்துப்போய் இடத்தைக் காட்டினார்கள் என்று ஒரு கதை அந்த ஊரில் வெகுநாள் உலவியது. கதை எப்படியோ, அதை நம்பாத ரசிகர் ஒருவர்கூட இல்லை.

கட்டடக் கலைஞர் ஜான் போல்ஸைக் குறை சொல்லக் கூடாது. காற்று அடிக்கும் என்று அவருக்குத் தெரியும். அதற்காகவே மேல் அடுக்கின் விளிம்பில் பூமராங் வடிவத்தில் கான்கிரீட் தடுப்பு ஒன்றை வைத்தார். பூமராங்கின் குணம் எல்லாருக்கும் தெரிந்ததே. காற்று போய்விட்டுத் திரும்பி வந்தது.

1960 ஏப்ரல் 12 அன்று திறப்பு விழா. அன்றைக்குத் துணை ஜனாதிபதியாக இருந்த ரிச்சர்ட் நிக்ஸன் முதல் பந்தை எறிந்து, ஸ்டேடியத்தின் அழகை வாயாரப் புகழ்ந்தார். நிக்ஸன் கொடுத்த நற்சான்றிதழ்கள் எவ்வளவு தூரம் நிலைக்கும் என்பது அமெரிக்காவுக்கு அப்போது தெரியாது.

ரசிகர்களுக்கு ஒரு வாரத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. ஜூலை மாதத்து ராத்திரி ஆட்டத்துக்குக் கம்பளிக்கோட்டு, போர்வை, மஃப்ளர், பிளாஸ்க் எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பிளாஸ்க்கில் இருந்தது எப்போதும் காபிதான் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. சாப்பிட்டுப் போட்ட ஹாட் டாக் காகிதங்கள் மைதானத்துக்குள் வட்டமடித்தன. வீரர்கள் பந்து என்று நினைத்துக் காகிதத்தையும், காகிதம் என்று நினைத்துப் பந்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விளம்பரத்தில் என்னவோ ஒரு ஆறுதல் இருந்தது. ரிசர்வ் இருக்கைகளுக்கு அடியில், கான்கிரீட்டுக்குள் குழாய் பதித்து வெந்நீர் ஓடவிட்டிருக்கிறோம், உட்காரும் இடமே கதகதப்பாக இருக்கும் என்றார்கள். யோசனை பிரமாதம். ஆனால் குழாய்களை அதிக ஆழத்தில் புதைத்துவிட்டார்கள். வெந்நீர் ஓடியது, கான்கிரீட் சுகமாகக் குளிர் காய்ந்தது, மேலே உட்கார்ந்திருந்தவருக்கு எதுவும் வந்து சேரவில்லை.

மற்ற ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். மெல்வின் பெல்லி கோர்ட்டுக்குப் போனார். நஷ்டஈட்டு வழக்குகளில் அமெரிக்காவையே கலக்கிய வக்கீல் அவர். பின்னாளில் கென்னடி கொலையாளியைச் சுட்டுக்கொன்ற ஜாக் ரூபிக்காக வாதாடியவர். இப்படிப்பட்டவரிடம் போய் ஆறு இருக்கை கொண்ட பாக்ஸை ஏறத்தாழ 1,600 டாலருக்கு விற்றது ஜயண்ட்ஸ் செய்த பெரிய தவறு. 1962-ல் பெல்லி வழக்குப் போட்டார். கதகதப்பு தருவதாகச் சொல்லிக் காசு வாங்கினீர்கள், எனக்குக் கால் விறைத்தது, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்பது வாதம். எதிர்த்தரப்பு என்ன சொல்ல முடியும்? ஊர் முழுக்கச் சாட்சி. பெல்லி ஜெயித்து, டிக்கெட் பணம் முழுவதையும் திரும்ப வாங்கினார். மரம் நடுவதற்கு அந்தப் பணத்தை நகரத்துக்கே கொடுத்துவிடுகிறேன், ஆனால் கேண்டில்ஸ்டிக்கில் மட்டும் நடாதீர்கள், பாவம், விறைத்துச் செத்துவிடும் என்ற அர்த்தத்தில் ஒரு வார்த்தையும் சொன்னார். ஸ்டேடியம் விமர்சனம் என்ற துறையில் இதைத் தாண்டி இன்றுவரை யாரும் எழுதியதாக நான் பார்க்கவில்லை.

ஆனால் நாடு முழுக்கச் சேதி பரவியது அதற்கு முந்தைய வருடமே. 1961 ஜூலை 11, ஆல்-ஸ்டார் ஆட்டம். நாட்டின் பெரிய பெரிய வீரர்கள் எல்லாரும் ஒரே மைதானத்தில். ஒன்பதாவது இன்னிங்ஸில் பந்து வீச வந்தவர் ஜயண்ட்ஸ் அணிக்காரரான ஸ்டூ மில்லர். ஒல்லியான மனிதர், மெதுவாக வீசியே பேட்ஸ்மேனைத் திணறடிப்பவர். வீசத் தயாராகி, குனிந்து நின்றார். பின்னாலிருந்து ஒரு காற்று வந்தது. மனிதர் லேசாகத் தள்ளாடினார். வீசத் தயாரானவர் வீசாமல் உடம்பை அசைத்தால் பேஸ்பாலில் அதற்கு பாக் என்று பெயர். தண்டனையாக எதிரணி ஓட்டக்காரர்கள் ஆளுக்கு ஒரு பேஸ் இலவசமாக முன்னேறலாம். நடுவரும் விதிப்படி அப்படியே அறிவித்தார். காற்றுக்குத் தனி விதி எதுவும் கிடையாது.

உண்மையில் அவர் அசைந்தது அவ்வளவுதான். மறுநாள் பத்திரிகைகள் அவரைப் பந்துவீச்சு மேட்டிலிருந்து தூக்கிப் பறக்கவிட்டுவிட்டன. கதை வாய்க்கு வாய் வளர்ந்து, மில்லர் ஏதோ பட்டம் மாதிரி வேலியைத் தாண்டிப் போனார் என்கிற அளவுக்கு வந்தது. அந்த ஆட்டத்தில் பத்தாவது இன்னிங்ஸில் அவருடைய அணி 5-4 என்று ஜெயித்தது. வெற்றி பெற்ற பந்துவீச்சாளர் என்று ஏட்டில் பதிவானதும் மில்லர் பெயர்தான். அது யாருக்கும் நினைவில்லை. பறந்தவர் என்றே நிலைத்துவிட்டார்.

1963-ல் காற்று இன்னும் கொஞ்சம் தைரியம் பெற்றது. மெட்ஸ் அணி பயிற்சி செய்துகொண்டிருந்தபோது பேட்டிங் கூண்டையே தூக்கி, 60 அடி தள்ளியிருந்த பந்துவீச்சு மேட்டில் கொண்டுபோய் வைத்தது. இதை யாரும் மிகைப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

இடையில் 1966 ஆகஸ்ட் 29 அன்று பீட்டில்ஸ் இங்கே வந்து பாடினார்கள். நல்ல குளிர், நல்ல காற்று. கட்டணம் கொடுத்து ரசிகர்கள் பார்க்கும் கச்சேரியை அதற்குப் பிறகு அவர்கள் எங்கேயும் நடத்தவில்லை. காரணங்கள் பல உண்டு. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

1971-ல் அமெரிக்கக் கால்பந்து அணியான ஃபார்ட்டி நைனர்ஸும் குடிவந்தது. அந்தச் சாக்கில் திறந்து கிடந்த பக்கத்தையும் மேலடுக்கு எழுப்பி அடைத்தார்கள். காற்று இனி உள்ளே வராது என்று நிபுணர்கள் நினைத்தார்கள். வந்தது. முன்பு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது. இப்போது வெளியே போக வழி தெரியாமல் உள்ளேயே சுற்றியது. வளைகுடாவைப் பார்க்கும் அழகான காட்சி ஒன்று இருந்ததே, அது மட்டும் போய்விட்டது.

எண்பதுகளில் நிர்வாகத்துக்கு ஞானோதயம் பிறந்தது. ஸ்டேடியத்தைத் திருத்த முடியாது. திட்டுகிறவர்களுக்குப் பதக்கம் கொடுத்துவிடலாம். 1983-ல் ஆரம்பித்தார்கள். ராத்திரி ஆட்டம் எக்ஸ்ட்ரா இன்னிங்ஸுக்கு நீண்டு, கடைசிவரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரு பின். பிரெஞ்சு ராணுவப் பதக்கத்தைக் கேலி செய்து குரோவா டி கேண்டில்ஸ்டிக் என்று பெயர். ஆரஞ்சு நிறம், அணியின் சின்னத்தின் மேல் பனி, கீழே லத்தீன் வாசகம்: வந்தேன், கண்டேன், பிழைத்தேன். நூறு தடவை திட்டிய அதே ரசிகர்கள் இந்தப் பின்னுக்காகப் பன்னிரண்டாவது இன்னிங்ஸ்வரை பல் கிட்டித்துக் கிடந்தார்கள். தொப்பியில் குத்திக்கொண்டு ஆபீசுக்கும் போனார்கள்.

அடுத்த வருடம் இன்னும் ஒரு படி மேலே. எல்லா அணியும் சின்னப் பிள்ளைகளைக் கவர ஒரு பொம்மை வேஷக்காரரை வைத்துக்கொள்ளும். இந்த ஊர் ரசிகர்களிடம் கேட்டதில், அப்படி ஒன்று வந்தால் திட்டுவோம் என்றார்கள். சரி, திட்டுவதற்கென்றே ஒன்று என்று கிரேஸி கிராப் என்ற நண்டு பிறந்தது. அணியின் மேனேஜர் ஃபிராங்க் ராபின்சன் அதை அடிக்கப் பாய, மற்றவர்கள் பிடித்து நிறுத்துவதாக டி.வி. விளம்பரம் வேறு. ரசிகர்கள் விளம்பரத்தை விளம்பரமாக எடுத்துக்கொள்ளவில்லை. கைக்குக் கிடைத்ததையெல்லாம் நண்டின் மேல் எறிந்தார்கள். அணியும் அந்த சீசனில் 96 ஆட்டம் தோற்றிருந்ததால், எறிவதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. நண்டின் ஓட்டைக் கண்ணாடியிழை வைத்துப் பலப்படுத்தினார்கள். எதிரணி வீரர்களும் மோதித் தள்ளப்போய், உள்ளே இருந்த மனிதர் வழக்குப் போட்டார். ரசிகரும் கேஸ், நண்டும் கேஸ் என்று அந்த ஸ்டேடியத்தின் கணக்கு நேரானது.

ஒரு விஷயத்தில் மட்டும் அந்தக் கட்டடத்தைக் கையெடுத்துக் கும்பிடத்தான் வேண்டும். 1989 அக்டோபர் 17 மாலை 5:04. உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் தொடங்க இருந்த நேரம். 6.9 அளவிலான பூகம்பம். சுற்றுவட்டாரத்தில் பாலத்தின் ஒரு பகுதி இடிந்தது, நெடுஞ்சாலை இடிந்தது. ஸ்டேடியம் ஆடியது, நின்றது. உள்ளே இருந்த 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முழுசாக வீடு போனார்கள். போவதற்கு முன்னால், ஆட்டத்தை ஆரம்பியுங்கள் என்று சத்தம் போட்டார்கள். இது என்ன ஆட்டம், எங்கள் பையன்கள் பேட் பிடிக்கும்போது பாருங்கள் என்கிற பாணியில் ஒரு ரசிகர் அட்டையும் எழுதிக் காட்டினார். பையன்கள் நான்கு ஆட்டமும் தோற்றார்கள் என்பது வேறு விஷயம்.

அடுத்த மாதமே, புது ஸ்டேடியம் கட்டலாமா என்று ஊர் மக்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். வேண்டாம் என்றார்கள். 1987-லும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். பக்கத்து சான்டா கிளாரா, சான் ஹோசே பக்கம் போய்க் கேட்டபோதும் அதே பதில். முப்பது வருடம் பல் கிட்டித்தவர்கள் இவர்கள். ஆனால் திட்டுவது இலவசம், கட்டுவது வரி. என்னைக் கேட்டால் அவர்கள் செய்தது சரி. சொந்தப் பணம் போட வேறு ஆள் இல்லை என்கிற வரைதான் முதலாளிகள் அரசாங்கப் பணத்தைக் கேட்பார்கள். 1992-ல் அணியை ஃபுளோரிடாவுக்கு விற்கும் பேரம் கிட்டத்தட்ட முடிந்து, கடைசி நிமிஷத்தில் உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து வாங்கினார்கள். பிறகு தனியார் பணத்திலேயே ஊருக்குள் புது ஸ்டேடியம் எழும்பி 2000-ல் திறந்தது. இந்தத் தடவை முதலில் காற்றிடம் கேட்டார்கள். டேவிஸ் பல்கலைக்கழகத்தில் மாதிரி செய்து, காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்து, அதற்கேற்ப எந்தத் திசை பார்த்துக் கட்டுவது என்று தீர்மானித்தார்கள். ரசிகர்களுக்குப் பிடித்துப்போனது. பழைய பின்களை மட்டும் யாரும் தூக்கிப் போடவில்லை.

கேண்டில்ஸ்டிக்கை 2015-ல் இடித்தார்கள். வெடி வைத்து ஒரே நொடியில் தகர்ப்பதாகத்தான் முதலில் யோசனை. தூசி பறந்து வீடுகளுக்குள் வந்துவிடும் என்று அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள். அதனால் இயந்திரம் வைத்து, தண்ணீர் தெளித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்து எடுத்தார்கள்.