நீலத்திரைப் படிப்பு

டர்போ சி பிளஸ் பிளஸ் என்றொரு மென்பொருள், நீலத்திரையில் நிரல் எழுத. போர்லண்ட் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் வெளியிட்டது. அந்த நிறுவனத்தையே 2009இல் மைக்ரோ ஃபோகஸ் வாங்கிப் போட்டுவிட்டது. நம்மூர்க் கல்லூரிகள் பலவற்றுக்குத்தான் அந்த மென்பொருளின் படத்துக்கு மாலை போட மனசு வரவில்லை. 64 பிட் விண்டோஸ் அதை ஏறெடுத்தும் பார்க்காது என்பதால், டாஸ்பாக்ஸ் என்று இன்னொன்றைப் போட்டுப் புதுக் கணினியைக் கிழக் கணினியாக நடிக்க வைக்கிறோம்.

சி பிளஸ் பிளஸ் மொழிக்கு 1998இலேயே உலகத் தரவரையறை வந்துவிட்டது. பிள்ளைகள் உருப்போடுவது அதற்கு முந்தைய நடையை. நிரலில் மெயினுக்கு முன்னால் வாய்ட் என்று போடாவிட்டால் ஆய்வகத்தில் மார்க் போகும். போட்டால் வெளியுலகக் கம்பைலர் திட்டும்.

அது கிடக்கட்டும், நிரல் ஓடுவதெல்லாம் இரண்டாம்பட்சம். ரெக்கார்டு நோட்டுதான் மூலவர். வலப்பக்கம் நீல மையில் நிரல்; இடப்பக்கம், கோடில்லாத தாளில், பென்சிலால் விடை. திரையில் கண்சிமிட்டும் நேரத்தில் வந்த எண்ணைச் சுற்றி ஸ்கேல் வைத்துப் பொறுமையாகக் கட்டம் கட்ட வேண்டும். அரைப்புள்ளி விட்டுப்போனால் கம்பைலர் சொல்லும். மார்ஜின் விட்டுப்போனால் மேடம் சொல்வார். நோட்டைத் தூக்கி எறியும் வசதி கம்பைலரில் கிடையாது.



இப்போது சாட்ஜிபிடி நொடியில் நிரலை எழுதித் தந்துவிடுகிறது. பிள்ளைகள் அதைப் பார்த்து, அடித்தல் திருத்தல் இல்லாமல், குண்டுக் கையெழுத்தில் நோட்டில் ஏற்றுகிறார்கள். செயற்கை நுண்ணறிவால் வேலை போய்விடும் என்ற பயம் ரெக்கார்டு எழுதித் தரும் ஜூனியர்களுக்கு மட்டும் இன்னும் வரவில்லை.