கோடியக்கரையில் ஒன்றுமே இல்லை

கோடியக்கரைக்குப் போய்வந்த பலரின் தீர்ப்பு, "அங்கே ஒன்றுமே இல்லை" என்பதுதான். வெளிமான்களுக்காக 1967இல் சரணாலயமான காடு, ஆயிரக்கணக்கான மைல் பறந்துவரும் பறவைகள், பக்கத்திலேயே 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பெடுத்த வேதாரண்யம் எல்லாம் அந்த 'ஒன்றுமே இல்லை'யில் அடக்கம். மே மாதம் போனால் பூநாரையே கண்ணில் படவில்லையே என்பார்கள். நியாயம்தான், பள்ளி விடுமுறை அட்டவணையைப் பறவைகளுக்கு யாரும் அனுப்பவில்லை, அவை பாட்டுக்கு ஐப்பசியில் வந்து தொலைக்கின்றன. பூங்குழலியின் படகைத் தேடுவோருக்கும் ஏமாற்றமே, அவள் கல்கியின் கற்பனை. கற்பனையல்லாத சோழர் காலக் கலங்கரை விளக்கமோ 2004 சுனாமியில் சரிந்துவிட்டது. செல்ஃபிக்கும் பஜ்ஜிக்கும் மெரினா இருக்கிறது. கோடியக்கரைக்கு மார்கழியில், பைனாகுலரோடு போங்கள்.